உங்க கூட வந்தவங்க யாரு?

போன மாசம் சொந்தத்துல ஒரு விசேஷம். எல்லாரும் கூடியிருந்தாங்க, நான் மட்டும் வீடியோ கால்ல. போன் கை மாறி மாறிப் போய் கடைசியில பெரியப்பா கைக்கு வந்துச்சு. அவர் பாசமாதான் கேட்டார், "இப்பல்லாம் என்னம்மா கஷ்டம், எங்க காலத்துல வெளிநாடு போனவன் லெட்டர் போட்டா அது வந்து சேரவே வாரக்கணக்காகும், நீங்க தினம் மூஞ்சியப் பாத்துப் பேசிடறீங்க, அப்பறம் எங்கேர்ந்து ஊர் நெனப்பு வரும்"னு. அந்த இரைச்சல்ல வேற என்ன சொல்றது, ஆமா பெரியப்பான்னு சொல்லி வெச்சுட்டேன். ஆனா அந்தக் கேள்வி அன்னைலேர்ந்து என்னை விடமாட்டேங்குது. அவர் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல, தினமும் பேசறேன்தான், அம்மா முகத்துல புதுசா ஒரு பரு வந்தாக்கூட எனக்குத் தெரியும். அப்படியும் நான் இங்க வெளிநாட்டுக்குப் படிக்க வந்த முதல் ஒன்றரை வருஷம் இருந்த இருப்பை நெனைச்சா இப்பவும் வயித்தைப் பெசையுது. அதை எப்படி விளக்கறதுன்னு யோசிச்சு யோசிச்சு, போன்ல சொல்ல முடியாததை இங்க எழுதலாம்னு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த வீடியோ கால் பத்தியே சொல்லிடறேன். கால் நடக்கற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். கட் பண்ணினதும் வர்ற பத்து நிமிஷம் இருக்கே, அன்னைக்கு முழுக்க அதைவிட மோசமான பத்து நிமிஷம் கிடையாது. போன் ஸ்க்ரீன் அணைஞ்சு கறுப்பாகும், ரூம் அப்படியே இருக்கும், சேர் அங்கேயே இருக்கும், ஜன்னலுக்கு வெளிய யாரோ சைக்கிள்ல போவாங்க, அவங்களுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. ஃப்ரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பும் அதே மாதிரிதான். அவங்க முழிச்சிருக்கும்போது நான் தூங்குவேன், காலையில எழுந்து பாத்தா நூத்துக்கணக்குல மெசேஜ் கெடக்கும், மேல போய் முதல்லேர்ந்து படிச்சுட்டு வருவேன், யாரோ ஏதோ சொல்லி எல்லாரும் சிரிச்சிருப்பாங்க, நான் அதுக்கு ஒரு பதில் போடுவேன், அப்போ அங்க பேச்சு எங்கேயோ போயிருக்கும். யாரும் என்னை ஒதுக்கல. பேச்சு அவங்க இருக்கற நேரத்துல ஓடுது, நான் வேற நேரத்துல இருக்கேன், அவ்வளவுதான் விஷயம். ஆனா கொஞ்ச நாள்ல நான் அந்த குரூப்ல படிக்கற ஆளா மட்டும் ஆயிட்டேன்.

இது நம்ம தலைமுறைக்கு மட்டும் வந்த வியாதியும் இல்ல. 1688ல சுவிட்சர்லாந்துல பாசல் நகரத்துல யோஹான்னஸ் ஹோஃபர்னு ஒரு மருத்துவ மாணவர், 19 வயசுதான் அப்போ அவருக்கு, ஊர் ஏக்கத்தை ஒரு நோயாவே எடுத்துக்கிட்டு ஆய்வுரை எழுதினார். அதுல பெர்ன்லேர்ந்து பாசலுக்குப் படிக்க வந்த ஒரு பையனோட கதை வருது. இன்னைக்கு ரயில்ல ஏறினா ஒரு மணி நேரத்துல போய்டற தூரம். அந்தப் பையன் சோகமா இருந்து இருந்து, காய்ச்சல், நெஞ்சு படபடப்புன்னு படுத்த படுக்கையாயிட்டான், பொழைக்க மாட்டான்னு பிரார்த்தனையெல்லாம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. இவனுக்கு மருந்து வீடுதான், ஊருக்கு அனுப்புங்கன்னு ஒருத்தர் சொல்லவும் அனுப்ப ஏற்பாடு பண்றாங்க. அந்த ஏற்பாடு நடக்கும்போதே அவனுக்கு மூச்சு சீராகுது, வழியில இன்னும் தேறுது, பெர்ன் போய்ச் சேரும்போது நல்லாயிட்டான். இதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு ஒரு எண்ணம். அவன் வீட்டைப் பாத்துத் தேறல, வீடு கண்ணுல படறதுக்கு முன்னாடியே தேற ஆரம்பிச்சுட்டான். அவனுக்காக யாரோ வண்டி பாத்து, மூட்டை கட்டி, கைத்தாங்கலா தூக்கி உக்கார வெச்சிருக்காங்க இல்லையா, அந்த நிமிஷத்துலேர்ந்து அவன் யாரோ ஒருத்தரோட பொறுப்பு. எனக்கு அங்கதான் கண்ணு போகுது. ஹோஃபர் அப்படி எழுதல, இது நானா படிச்சுக்கிட்டது.

ஃபார்ம்ல ஒரு காலி இடம்

முதல் வருஷத்தை எப்படியோ ஓட்டிட்டேன். புது இடம், புது க்ளாஸ், எதைப் பாத்தாலும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பற உற்சாகம் இருந்துச்சு. அதோட வந்த புதுசுல எல்லாரும் விசாரிப்பாங்க, செட்டில் ஆயிட்டியா, குளிர் ஒத்துக்குதா, ஏதாவது வேணுமான்னு. கொஞ்ச மாசத்துல விசாரிக்கறது நின்னுடும், இவ பழகிட்டான்னு அவங்களே முடிவு பண்ணிடுவாங்க. அப்பறம்தான் நெஜமா ஆரம்பிக்குது. 1955ல ஸ்வெர்ரே லிஸ்கார்ட்னு நார்வேக்காரர் ஒருத்தர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில அமெரிக்கா போய்ட்டு வந்த 200 நார்வேக்காரங்களைப் பத்தி எழுதின ஆய்வுல இதுதான் இருக்கு, 6 மாசத்துக்குள்ள திரும்பினவங்க பரவால்லாம இருந்திருக்காங்க, 18 மாசத்துக்கு மேல இருந்தவங்களும் அப்படித்தான், நடுவுல மாட்டினவங்கதான் ரொம்பத் திண்டாடியிருக்காங்க. எல்லாருக்கும் இதே கணக்கு ஓடாதுன்னு பின்னாடி வந்தவங்க சொல்லிட்டாங்க, ஆனா எனக்கு அச்சுல வார்த்த மாதிரி ஓடிச்சு.

அந்த நடுப்பகுதியிலதான் அந்த ஃபார்ம் வந்துச்சு. ரெண்டாவது வருஷ ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்கணும், ஆன்லைன்ல. பேரு, பாஸ்போர்ட் நம்பர், இன்சூரன்ஸ், எல்லாம் மளமளன்னு போட்டுட்டு வந்தேன். கடைசிப் பக்கத்துல ஒரு கட்டம், அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள இந்த நாட்டுல இருக்கற ஒருத்தர், பேரு, நம்பர், உங்களுக்கு என்ன உறவு. பக்கத்துல சிவப்பு நட்சத்திரம், அதாவது நிரப்பாம நகர விடாது. முதல் வருஷம் அதுல ஒரு சீனியர் அக்கா நம்பரைப் போட்டிருந்தேன், அவங்க படிப்பு முடிச்சு வேற தேசத்துக்கே போயாச்சு. அப்பா நம்பரைப் போட்டுப் பாத்தேன், வெளிநாட்டு நம்பர்னு ஏத்துக்கல. சரின்னு போனை எடுத்து கான்டாக்ட்ஸை மேலேர்ந்து கீழ தள்ளிக்கிட்டே வந்தேன். லேப்ல கூட வேலை பாக்கறவன், ப்ராஜெக்ட் குரூப்ல இருக்கற ரெண்டு பேரு, ஒரு பிறந்தநாளுக்குக் கூப்ட்ட பொண்ணு, வீட்டு ஓனர். ஒவ்வொரு பேரு வரும்போதும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து இவங்களுக்கு ஒரு போன் போனா என்ன நெனைப்பாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். ஒருத்தர் கூட திட்ட மாட்டாங்க, நல்ல மனுஷங்கதான், ஆனா எல்லாருக்கும் முதல்ல "எனக்கு ஏன்?"னுதான் தோணும். அந்த "எனக்கு ஏன்" தோணாத ஒரு ஆள் அந்த மொத்த நாட்டுலயும் எனக்கு இல்ல.

இதே எங்க ஊர்ல இருந்தா அந்தக் கட்டத்துல யார் பேரை விடறதுன்னுதான் கஷ்டம். அங்க நான் பெரிய கூட்டத்துக்கு நடுவுல இருந்தவ. இங்கயும் ஆளுங்களுக்கு நடுவுலதான் இருக்கேன், நாளெல்லாம் யாராவது கண்ணுல படறாங்க, சிரிக்கறாங்க, ஹாய் சொல்றாங்க. ஆனா ஃபார்ம் கேக்கறது அந்த மாதிரி ஆளை இல்ல. அந்தப் பக்கத்தை சேவ் பண்ணிட்டு லேப்டாப்பை மூடி வெச்சேன். கடைசித் தேதிக்கு இன்னும் டைம் இருந்துச்சு.

மணிக்கணக்கு

போய் நாலு பேரோட பழகேன்னு சொல்றாங்க இல்ல, வீட்லயும் சொன்னாங்க, காலேஜ் கவுன்சலரும் சொன்னாங்க. அது சரியான யோசனைதான், ஆனா நட்பு எவ்வளவு நேரத்தைத் தின்னும்னு யாரும் சொல்றதில்ல. கேன்சஸ் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி ஹால்னு ஒரு பேராசிரியர் 2018ல இதை எண்ணிப் பாத்திருக்கார், அதுவும் புது இடத்துக்குக் குடிபோனவங்க, காலேஜ்ல புதுசா சேந்தவங்க இவங்களைத்தான் கேட்டிருக்கார். தெரிஞ்சவங்கங்கற நெலையிலேர்ந்து சும்மா ஒரு ஃப்ரெண்டுன்னு ஆக சுமார் 50 மணி நேரம், ஃப்ரெண்டுன்னு தைரியமா சொல்ல 90, நெருக்கமான நட்புக்கு 200க்கு மேல. வாரத்துக்கு ஒரு மணி நேரம் சந்திச்சுப் பேசறோம்னு வெச்சுக்கோங்க, 200 மணி நேரம் சேர கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆகும். என் படிப்பே ரெண்டு வருஷம். ஸ்கூல்ல ஒரே பெஞ்சுல உக்காந்தா அந்த 200 ரெண்டு மாசத்துக்குள்ள வந்துடும், அதுவும் டீச்சருக்குத் தெரியாம குசுகுசுன்னு பேசின மணி நேரங்கள், ஒவ்வொண்ணும் கெட்டியானது. சின்ன வயசுல நட்பை நாம சம்பாதிக்கல, யாரோ நம்மளை ஒரே எடத்துல உக்கார வெச்சாங்க, அது தானா வந்துச்சு. வெளிநாட்டுல அந்த உக்கார வெக்கற ஆள் இல்ல. லேப்ல பக்கத்துல பக்கத்துல நின்னு வேலை பாத்தாலும் அந்த நேரம் அவ்வளவா கணக்குல சேர்றதில்லைன்னு அதே ஆய்வு சொல்லுது, எனக்கும் அப்படித்தான், லேப் பையனோட ஒரு வருஷம் நின்னிருக்கேன், அவனுக்கு அண்ணன் தம்பி உண்டான்னு கூடத் தெரியாது.

நம்ம பாஷை பேசறவங்க கூட்டம் ஒண்ணு இருந்துச்சு, அதுக்குப் போவேன். நம்ம ஆளுங்களோடயே ஒட்டிக்கிட்டு இருக்காதேன்னு அட்வைஸ் பண்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. மனசுல வர்றதை வாயில அப்படியே சொல்ற சுகத்தை வருஷக்கணக்கா தியாகம் பண்ணச் சொல்றது நியாயமே இல்ல. 1977ல ஸ்டீஃபன் பாக்னர்ங்கற உளவியல் ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் ஹவாய்ல வெளிநாட்டு மாணவர்களைக் கவனிச்சு எழுதினதுலயும், சொந்த நாட்டுக்காரங்க, உள்ளூர்க்காரங்க, மத்த நாட்டுலேர்ந்து வந்தவங்கன்னு மூணு வட்டம் இருக்கும், ஒண்ணொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கும்னுதான் வருது. உள்ளூர்க்காரங்ககிட்ட பெரும்பாலும் காரியம் நடக்கும், படிப்பு, ஆபீஸ் வேலை இதெல்லாம். சொந்த நாட்டுக்காரங்ககிட்ட நாம நாமளா இருக்கலாம். ஆனா எங்க கூட்டம் நகரத்தோட இன்னொரு கோடியில கூடும், பஸ் மாறிப் போகணும், போய்ப் பாட்டுப் பாடி சிரிச்சுட்டு கடைசி பஸ்ல திரும்பி வந்தா மறுபடியும் அதே ரூம். நடந்து போற தூரத்துல யாரும் இல்ல.

இந்தத் தூரம் சின்ன விஷயம்னு தோணும். 1950ல வெளிவந்த ஒரு ஆய்வு, லியான் ஃபெஸ்டிங்கர்னு ஒரு உளவியல் ஆய்வாளரோட குழு எழுதினது, அமெரிக்காவுல இருக்கற எம்ஐடியில கல்யாணமான மாணவர்கள் குடியிருந்த வளாகத்துல பண்ணினது. ஒரே மாடியில பக்கத்துப் பக்கத்துக் கதவா இருந்தவங்கள்ல 41 சதவீதம் நெருங்கிப் பழகினாங்க, அதே மாடியில ரெண்டு கோடியில இருந்தவங்கள்ல 10 சதவீதம்தான். ரெண்டு கோடிக்கும் நடுவுல நடந்தா அரை நிமிஷம் ஆகுமா? அந்த அரை நிமிஷம் அவ்வளவு பெரிசு. எனக்கும் பக்கத்துல ஒரு கதவு இருந்துச்சு. உள்ள ஒரு பொண்ணு, வேற ஒரு தேசத்துக்காரி, லாண்டரி ரூம்ல பாப்போம், மெஷின் காலியா இருக்கான்னு கேப்போம், குட்நைட் சொல்லிப்போம். சுவத்துக்கு அந்தப் பக்கம் அவளும் ராத்திரி ராத்திரி யார்கிட்டயோ போன்ல பேசறது கேக்கும், பாஷை புரியாது, ஆனா அம்மாகிட்டதான் பேசறான்னு குரல்லயே தெரியும். போன் வெச்சதும் அங்கயும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. ரெண்டு பேரும் ஒரே சுவத்துல முதுகை சாச்சுக்கிட்டு, ஆளுக்கொரு திசையில ஊரை நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கோம், மாசக்கணக்கா.

கதவைத் தட்டின அன்னைக்கு

ஒரு நாள் சாயங்காலம் அவ கதவைத் தட்டினா. கையில ஒரு பேப்பர், மடிச்சு மடிச்சு நாலா எட்டா ஆக்கி வெச்சிருந்தா. ஏதோ சொல்ல ஆரம்பிச்சு நிறுத்தி, நீ பிஸியா இருப்பேன்னு தெரியும்னு ஆரம்பிச்சு மறுபடி நிறுத்தி, கடைசியில பேப்பரையே நீட்டிட்டா. ரொம்ப நாளா வயித்து வலியாம், ஆஸ்பத்திரியில எண்டோஸ்கோப்பி பண்ணணும்னு தேதி குடுத்திருக்காங்க. மயக்க ஊசி போட்டுப் பண்றதால கூட ஒரு ஆள் வந்தே ஆகணும், தனியா டாக்ஸியில கூட அனுப்ப மாட்டாங்க, 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான பேப்பர்ல கையெழுத்துப் போடக் கூடாது, ராத்திரி தனியா இருக்கக் கூடாது. கீழ ஒரு கோடு போட்டு, கூட வர்றவர் பேரு. அந்தக் கோடு காலியா இருந்துச்சு. தேதியை ஏற்கனவே ஒரு தடவை தள்ளி வெச்சுட்டாளாம், ஆள் கிடைக்காம.

"உன் பேரை எழுதிக்கட்டுமா?"ன்னு கேட்டா. எங்க ரெண்டு பேருக்குமே சொந்தமில்லாத ஒரு பாஷையில, அந்த பாஷையில இருக்கற மரியாதை வார்த்தை எல்லாத்தையும் முன்னாடியும் பின்னாடியும் சேத்துக் கேட்டா. நான் சரின்னு சொன்னதும் கதவு நெலையிலேயே பேப்பரை வெச்சு, என் பேருக்கு ஒவ்வொரு எழுத்தா கேட்டு எழுதினா. அடுத்த கோடு, உறவு. அதை என்னைக் கேக்கல, அவளே நண்பர்னு எழுதிட்டா. அந்த ஒரு வார்த்தையை நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னேன்.

ஆஸ்பத்திரியில அவளை உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கழட்டி என்கிட்ட குடுத்தா. ஜாக்கெட், பை, மூக்குக் கண்ணாடி, போன். நான் மடியில வெச்சுக்கிட்டு வெயிட்டிங் ஹால்ல உக்காந்திருந்தேன். கண்ணாடியோட ஒரு காம்பு செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்துச்சு, இவ்வளவு நாள் எதிர்ல பாத்தும் அது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்துல அவ போன் அடிக்க ஆரம்பிச்சுது. ஸ்க்ரீன்ல எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துல ஒரு பேரு, கூட ஒரு அம்மாவோட போட்டோ, அதே நெத்தி அதே புருவம். யாருன்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல. எடுத்து என்ன சொல்றது, அவங்க பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவங்களுக்குத் தெரியாது, டெஸ்ட் பத்தி வீட்ல சொன்னாளான்னும் தெரியாது. அடிச்சு அடிச்சு நின்னுது, மறுபடி அடிச்சுது. அந்த அம்மா எங்கேயோ ஒரு வீட்ல போனைக் காதுல வெச்சுக்கிட்டு, ஏன் எடுக்கலன்னு நெனைச்சுக்கிட்டு நிக்கறாங்க, அவங்க பொண்ணோட கண்ணாடி என் மடியில இருக்கு. அவங்களுக்கும் அவளுக்கும் நடுவுல அந்த நிமிஷம் இந்த உலகத்துல இருந்த ஒரே ஆள் நான்தான். எங்கம்மாவுக்கும் எனக்கும் நடுவுல இப்படி யாரும் இல்லையேன்னு அப்போதான் புரிஞ்சுது, நான் இவ்வளவு நாள் ஏங்கிக்கிட்டு இருந்ததே அதுக்குத்தான்னு.

ஒரு நர்ஸ் வெளிய வந்து அவ பேரைச் சொல்லி, "கூட வந்தவங்க யாரு?"ன்னு கேட்டாங்க. எழுந்து நின்னேன். அந்த நாட்டுக்கு வந்ததுலேர்ந்து க்யூவுல, ஆபீஸ்ல, க்ளாஸ்ல என் பேரைக் கூப்ட்டு எத்தனையோ தடவை எழுந்து நின்னிருக்கேன், எல்லாம் என் வேலைக்காக. இன்னொருத்தர் பேரைச் சொல்லி அதுக்கு நான் எழுந்தது அதுதான் முதல் தடவை. உள்ள போனா அவ பாதி மயக்கத்துல என்னைப் பாத்து அவ பாஷையில பேசிக்கிட்டே இருக்கா, நிறுத்தாம, ரொம்ப முக்கியமா ஏதோ சொல்ற மாதிரி. ஒரு வார்த்தை புரியல, நான் கையைப் பிடிச்சுக்கிட்டு ம் ம்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அந்த மருந்துக்கு அப்பறம் கொஞ்ச நேரத்துக்குச் சொல்றது எதுவும் ஞாபகத்துல தங்காதாம், அதனால டாக்டர் ரிசல்ட்டை, மாத்திரையை, எப்போ திரும்பி வரணும்ங்கறதை எல்லாம் கூட வந்தவங்ககிட்டதான் சொல்வாங்க. பயப்பட ஒண்ணும் இல்ல, வயித்துல லேசா புண்ணு, மாத்திரையில சரியாயிடும்னு சொன்னாங்க. அந்தப் பேப்பரோட பின்பக்கத்துல ஒண்ணு விடாம எழுதிக்கிட்டேன். பரீட்சைக்குக் கூட நான் அவ்வளவு கவனமா எழுதினதில்ல.

அன்னைக்கு ராத்திரி அவ ரூம்ல சேர்ல உக்காந்திருந்தேன். எங்கம்மா வழக்கமான நேரத்துக்குக் கூப்ட்டாங்க. நான் குரலைத் தணிச்சு, "அம்மா, பக்கத்து ரூம் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல, நான்தான் கூட இருக்கேன், அப்பறம் பேசறேன்"னேன். அம்மா வெக்கல. யாரு அந்தப் பொண்ணு, என்னாச்சு, காய்ச்சல் இருக்கா, அவங்கம்மாவுக்குத் தெரியுமா, நீ அவளைத் தனியா விட்டுட்டு தூங்கிடாதே, நடுவுல எழுந்தா விழுந்துடுவா, லைட்டை முழுக்க அணைக்காதே, இப்படி வரிசையா. அதுவரைக்கும் எங்க கால்ல எல்லாம் கேள்வி என்னைப் பத்தி மட்டும்தான், சாப்ட்டியா, தூங்கினியா, ஏன் முகம் வாடியிருக்கு. அன்னைக்குதான் அம்மா எனக்கு வேலை சொன்னாங்க. மறுநாள் கால் வந்ததும் முதல் கேள்வி, அந்தப் பொண்ணு எப்படி இருக்கா. அதுக்கப்பறம் தினமும் அந்தக் கேள்வி ஒண்ணு இருக்கும், அவ நல்லாயிட்ட பிறகும். நான் இருந்த எடம் அம்மாவுக்கும் ஆளுங்க இருக்கற எடமாயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி போனை வெச்ச பிறகு அந்தப் பத்து நிமிஷம் வரல. அவளுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க வேண்டியிருந்துச்சு.

வீட்ல இருக்கும்போது நம்மளை ஓயாம வேலை வாங்குவாங்க இல்ல, இதை எடுத்துட்டு வா, அப்பா போன்ல என்னமோ வரமாட்டேங்குது பாரு, தம்பியைப் போய்க் கூட்டிட்டு வா. அப்போ அது தொல்லையாத் தெரியும். அந்தத் தொல்லைதான் நம்மளை அந்த வீட்டுல ஒரு ஆளா வெச்சிருந்துச்சு. வெளிநாடு வந்ததும் எல்லாரும் நம்ம மேல அக்கறை காட்றாங்க, யாரும் நம்மகிட்ட எதையும் கேக்கறதில்ல, பாவம் தனியா இருக்கா, அவளை ஏன் தொந்தரவு பண்ணணும்னு விட்டுடறாங்க. அன்பு கொறையல. நம்மளால ஆக வேண்டியது ஒண்ணும் இல்லாமப் போய்டுது. பெரியப்பா கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைச்ச பதில் இதுதான். வீடியோ கால்ல முகம் வரும், குரல் வரும், பாசம் அத்தனையும் வரும். ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுக்கற வேலை மட்டும் வராது, அந்தப் பக்கத்துலேர்ந்தும் வராது, இந்தப் பக்கத்துலேர்ந்தும் போகாது.

பிசிராந்தையார் வந்து உக்காந்தது

நட்புன்னு பேச்சு வந்தா நாம எல்லாரும் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதையைத்தான் சொல்வோம். ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே நட்பு, நேர்ல பழகணும்னு அவசியமே இல்ல, உணர்வு ஒண்ணா இருந்தாப் போதும்னு. ஸ்கூல்லயும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. இங்க வந்த புதுசுல எனக்கு அது பெரிய ஆறுதலா இருந்துச்சு, தூரம் ஒண்ணும் பண்ணாது, ஊர்ல இருக்கற என் நட்பெல்லாம் அப்படியே இருக்கும்னு. இப்ப அந்தக் கதையில எனக்கு வேற எடம் பெரிசாத் தெரியுது. சோழன் வடக்கிருந்து உயிர் விடப் போறார், அப்போ என்ன சொல்றார்? அவன் வருவான், அவனுக்கு இங்க ஒரு எடம் விட்டு வையுங்கன்னு. பாண்டிய நாட்டுலேர்ந்து இவரும் வந்துட்டார், வந்து அந்த எடத்துல உக்காந்துட்டார். வருஷக்கணக்கா பாக்காமலே இருந்த நட்பு, கடைசியில பக்கத்துல வந்து உக்காந்ததாலதான் இத்தனை நூற்றாண்டு தாண்டி நம்ம காதுல விழுது. அவர் வராம, அங்கேயே இருந்து மனசார வருத்தப்பட்டிருந்தார்னா, அதுவும் உண்மையான நட்புதான், ஆனா அந்த எடம் காலியாவே கெடந்திருக்கும். ஊர்ல இருக்கற என் ஃப்ரெண்ட்ஸ் வர முடிஞ்சா வருவாங்க, அதுல எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்ல. விசா, டிக்கெட், லீவுன்னு ஆயிரம் இருக்கு, வர முடியாது. அது அவங்க நட்போட குறை இல்ல.

அந்த வாரமே என் ஃபார்மைத் திறந்து பேரு, நம்பர், உறவு எல்லாம் போட்டு அனுப்பிட்டேன். அவகிட்ட கேட்டுட்டுத்தான். கேட்டதுக்கு அவ, இவ்வளவு நாள் யார் பேரு போட்டிருந்தேன்னு கேட்டா, காலியா இருந்துச்சுன்னேன், என்னோடதும்னா. அதுக்கப்பறம் நாங்க ஒண்ணும் பெரிசா மாறிடல. நாளெல்லாம் சேந்து சுத்தற தோழிகளா ஆகல, ரெண்டு பேருக்கும் படிப்பு கழுத்தை நெரிச்சுது. சாவி ஒண்ணை மாத்தி வெச்சுக்கிட்டோம். ராத்திரி வர லேட்டாகும்னா ஒரு மெசேஜ், வந்து சேந்தா ஒரு மெசேஜ். எங்கம்மா அவளுக்கு ஒரு பேரு வெச்சாங்க, அவங்கம்மா ஒரு நாள் வீடியோ கால்ல என்னைக் கூப்ட்டு என்னமோ நீளமா சொல்லி கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க, அவ மொழிபெயர்க்கல, வேணாம்னு விட்டுட்டேன். ஊர் நெனப்பு போச்சான்னா, போகல. ஊர்ல மழைன்னு யாராவது சொன்னா இப்பவும் அன்னைக்கு முழுக்க வேலை ஓடாது. ஆனா முன்ன மாதிரி அது என்னை இந்த எடத்துலேர்ந்து பிடுங்கிப் போடறதில்ல. வருது, ஒரு மூலையில உக்காருது, நான் பாட்டுக்கு வேலையைப் பாக்கறேன்.

இதுல இன்னொரு பக்கம் இருக்கு, அதையும் சொல்லணும். வெளிநாட்டு நட்புக்கு விசாவுல போட்ட தேதி உண்டு. யுனெஸ்கோ கணக்குப்படி 2021ல உலகத்துல 60 லட்சத்துக்கும் மேல பேரு வேற நாட்டுல உக்காந்து படிச்சுக்கிட்டிருந்தாங்க, அதுல நிறைய பேரு படிப்பு முடிஞ்சதும் ஏதோ ஒரு பக்கம் கெளம்பறவங்கதான். வருஷா வருஷம் ஒரு சீசன் வரும், காரிடார் முழுக்க அட்டைப் பெட்டி, போகும்போது தூக்கிட்டுப் போக முடியாத மேஜை விளக்கு, இஸ்திரிப் பெட்டி, ஹேங்கர் எல்லாம் கதவுக்கு வெளிய வெச்சு எடுத்துக்கோங்கன்னு எழுதி வெச்சிருப்பாங்க. அவளும் போன வருஷம் அவ ஊருக்கே திரும்பிப் போய்ட்டா. நல்ல வேலை, அம்மா பக்கத்துல. ஏர்போர்ட்ல நான் அழல, ரூமுக்கு வந்து லாண்டரி ரூம்ல மெஷின் காலியா இருக்கறதைப் பாத்து அழுதேன். இதுக்குத்தான் பயந்து நிறைய பேரு பழகவே மாட்டேங்கறாங்க, ரெண்டு வருஷத்துல போகப் போறவங்ககிட்ட எதுக்குன்னு. எனக்கு அந்தக் கணக்கு ஒத்து வரல. அவ போனப்போ வந்த வலி ஊர் நெனப்பு மாதிரியேதான் இருந்துச்சு, அப்போ நான் இங்கயும் எங்கயோ ஒரு எடத்துல வேர் விட்டிருக்கேன்னுதானே அர்த்தம்.

எனக்கு இங்கேயே வேலை கிடைச்சுது, அதே கட்டடத்துல தங்கிட்டேன். அந்த ரூமுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா, முதல் தடவை வீட்டை விட்டு வந்தவன்னு பாத்தாலே தெரியுது. ராத்திரி போன் பேச்சு, அப்பறம் அந்த அமைதி, எல்லாம் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்குது. ஏதாவது உதவி வேணும்னா கேளுன்னு முதல் நாளே சொன்னேன், தலையாட்டினா, கேக்கல, யாரும் கேக்க மாட்டாங்க. அதனால நேத்து நானே கதவைத் தட்டி, சனிக்கிழமை எனக்கு ஒரு அலமாரி வருது, ரெண்டாவது மாடிக்குத் தூக்கணும், ஒரு ஆள் கொறையுது, நீ வந்தா நல்லாயிருக்கும்னு சொன்னேன். எத்தனை மணிக்குன்னு கேட்டா. பத்து மணின்னேன். ஒன்பதே முக்காலுக்கே வந்துடறேன்னா.